கயிறும் கடைசிப் பக்கமும்

விடுமுறை வேதாகமப் பள்ளிக்குக் கட்டிய கலர்த்தாள் தோரணங்களை இன்னும் அவிழ்க்கவில்லை, அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் போகிற பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் கேபிள் இணைப்பைத் துண்டிக்கிற பேச்சுகூட ஆரம்பித்திருக்கும். இந்த மாதம் இந்தப் பக்கத்தைப் பெற்றோருக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் எழுதுகிறேன். பிள்ளைகள் எட்டிப் பார்த்துப் படித்தால் தடையில்லை. விஷயம் அவர்களுடையதுதான்.

ஏப்ரல் இதழில் ஒரு சிறு கட்டம் போட்டிருந்தோம். பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்கள், பள்ளிக்கூடத்தில் கிறிஸ்தவப் பிள்ளையாக இருப்பதில் எது கஷ்டம் என்று எழுதலாம், பெயர் போட வேண்டாம் என்று. பரிணாமக் கொள்கையைப் பற்றிக் கேட்பார்கள், திரித்துவத்தை எப்படி விளக்குவது என்று கேட்பார்கள் என்று நினைத்து, இறையியல் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடம் பதில் எழுதித் தரும்படி சொல்லியும் வைத்திருந்தோம். அவருக்கு வேலையே வரவில்லை. வந்த கடிதங்களில் சுண்டல் இருந்தது, யூனிட் டெஸ்ட் இருந்தது, வாட்ஸ்அப் குரூப் இருந்தது, கையில் கட்டும் கயிறு இருந்தது.

சுண்டல் கடிதத்தை எழுதியவள் கொங்குப் பக்கத்துச் சிறு நகரம் ஒன்றில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். நவராத்திரிக்குத் தோழி வீட்டில் கொலு. கூப்பிட்டார்கள், போனாள். தோழியின் அம்மா சுண்டலை வாழையிலைத் துண்டில் வைத்து நீட்டினார். இவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டாள். அந்த அம்மாவின் முகம் மாறிப்போனது. அன்றிலிருந்து மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது தோழி வேறு பெஞ்சுக்குப் போய்விடுகிறாள். 'நான் செய்தது சரியா, தப்பா?' என்று கேட்டிருக்கிறாள்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஆறு பேர்தான் கிறிஸ்தவர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் ஏறக்குறைய பாதிப் பேர். மார்த்தாண்டத்தில் படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கேள்வியே வராது. அவள் வகுப்பில் வருகைப் பதிவைக் கூப்பிட்டால் பாதி வேதாகமப் பெயர்களாக இருக்கும். கொங்குப் பக்கத்திலோ தருமபுரிப் பக்கத்திலோ, நாற்பது பேர் உள்ள வகுப்பில் நம் பிள்ளை ஒருத்தியாகவோ இரண்டு பேரில் ஒருத்தியாகவோ இருக்கிறாள். ஞாயிறு பள்ளிப் பாடத்தை அச்சடிக்கிற நாம் இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே புத்தகத்தைத்தான் கொடுக்கிறோம்.

படைத்த பண்டத்தைச் சாப்பிடலாமா என்பதில் சபைக்குச் சபை பதில் மாறும். கொரிந்து சபைக்கே அது பெரிய தலைவலியாக இருந்திருக்கிறது. பவுல் அதற்காக அதிகாரக் கணக்கில் எழுத வேண்டியிருந்தது. அந்த வழக்கை இந்தப் பக்கத்தில் நான் தீர்க்கப் போவதில்லை. ஆனால் மறுப்பது என்று முடிவு செய்துவிட்டால் எப்படி மறுப்பது என்பதற்கு தானியேல் புத்தகத்தின் முதல் அதிகாரத்தை அந்தத் தங்கை மறுபடி வாசிக்கலாம். ராஜாவின் போஜனம் வேண்டாம் என்று தானியேல் தட்டைத் தள்ளிவிடவில்லை. பிரதானியிடம் போய் வேண்டிக்கொண்டான். அந்த அதிகாரிக்கு ஒரு பயம் இருந்தது: பையன்கள் வாடிப்போனால் ராஜா தன் தலையை எடுத்துவிடுவான் என்று. அந்தப் பயத்தையும் தானியேல் கணக்கில் எடுத்துக்கொண்டான். பத்து நாள் காய்கறியும் தண்ணீரும் கொடுத்துப் பாருங்கள், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள் என்று வழியும் சொன்னான். ஒரு தட்டுச் சோற்றை மறுக்க அவ்வளவு மரியாதை.

'ஆன்ட்டி, எங்க வீட்ல படைச்சது சாப்பிட மாட்டோம், தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் தண்ணி குடுங்க' என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பொம்மைகளை எல்லாம் பார்த்துப் பேசிவிட்டு வந்திருந்தால் டிபன் பாக்ஸ் பிரிந்திருக்காது. இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தோழியின் அம்மாவிடம் போய்ச் சொல்லலாம், கூட அம்மாவையும் கூட்டிக்கொண்டு. கிறிஸ்மஸுக்கு நாம் தட்டில் கேக்கும் முறுக்கும் அடுக்கிக்கொண்டு தெருவெல்லாம் போகிறோம். எந்த வீட்டிலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வதில்லை.

யூனிட் டெஸ்ட் கடிதம் சின்னது. மதுரைப் பக்கத்துப் பையன். வகுப்பு முழுக்கப் பிட் ஓடியிருக்கிறது, டீச்சர் கண்டுகொள்ளவில்லை. இவன் மட்டும் எழுதாமல் இருந்ததில் மார்க் குறைந்துவிட்டது. அப்பா, 'ஊரே அடிக்கும்போது உனக்கு மட்டும் என்னடா?' என்று திட்டினாராம். கடைசி வரியில் எழுதியிருக்கிறான்: 'அப்பா எங்க சபையில கமிட்டி மெம்பர்.' இதற்கு மகனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அப்பா இந்த இதழை வாங்குகிறவர் என்று நினைக்கிறேன்.

வாட்ஸ்அப் கடிதம் கொஞ்சம் கனமானது. பதினொன்றாம் வகுப்புப் பையன்கள் மட்டும் இருக்கிற குரூப். உடன் படிக்கிற பெண்ணின் முகத்தை வேறொரு படத்தில் ஒட்டி ஒருவன் போட்டிருக்கிறான். சிரிப்பு பொம்மைகள் வரிசையாக விழுகின்றன. இவன் 'டெலீட் பண்ணுங்கடா' என்று தட்டியிருக்கிறான். 'பாஸ்டர் வந்துட்டாரு' என்று ஒருவன் பதில் போட, அன்றிலிருந்து பள்ளியில் அவன் பெயரே பாஸ்டர். விளையாட்டு பீரியடில் பந்து கேட்டால்கூட 'பாஸ்டருக்குப் போடு' என்கிறார்களாம். 'ஜெபம் பண்றேன், ஆனா வாயைத் திறந்திருக்க வேண்டாமோன்னு தோணுது' என்று முடித்திருக்கிறான்.

தம்பி, திறந்தது சரி. அந்தக் குரூப்பில் அந்தப் பெண்ணுக்காகப் பேசியது நீ ஒருவன்தான். ஆனால் அதோடு விட்டுவிட முடியாது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்ணின் படத்தை அப்படி மாற்றிப் பரப்புவது சட்டப்படி குற்றம். நம்பிக்கையான ஒரு ஆசிரியரிடமோ வீட்டுப் பெரியவரிடமோ உடனே சொல்ல வேண்டும். சொல்ல ஆளில்லை என்றால் 1098 குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. இதைக் காட்டிக்கொடுப்பது என்று நண்பர்கள் சொல்வார்கள். அந்தப் பெண்ணின் வீட்டில் அதற்கு வேறு பெயர்.

இந்தக் கடிதத்தைப் படித்தபோது கார்லோ அகூட்டிஸ் நினைவுக்கு வந்தான். 1991-இல் லண்டனில் பிறந்து இத்தாலியின் மிலான் நகரில் வளர்ந்த பையன். 2006 அக்டோபரில் ரத்தப் புற்றுநோயில் இறந்தபோது வயது பதினைந்து. கத்தோலிக்கத் திருச்சபை 2025 செப்டம்பர் 7 அன்று அவனுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது. புனிதர் பட்டத்தைப் பற்றி நம் வாசகர்களில் பாதிப் பேருக்கு ஒரு கருத்து, மீதிப் பேருக்கு வேறு கருத்து. அதை ஓரமாக வைத்துவிட்டுப் பையனைப் பாருங்கள். அசிசியில் அவன் உடலை ஜீன்ஸும் ஷூவும் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் பைத்தியம். நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து ஓர் இணையதளமே செய்தான். வீடியோ கேமும் பிடிக்கும். ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தனக்குத்தானே வரம்பு கட்டிக்கொண்டான். வகுப்பில் மற்றவர்கள் கேலி செய்து ஒதுக்கிய பிள்ளைகளோடு போய் நின்றவன் என்று அவனை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். வரம்பைக் கட்டியது அம்மா அப்பா இல்லை என்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. நம் வீடுகளில் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். சாவி இருக்கிற இடம் பிள்ளைக்குத் தெரியும்.

இந்தக் கடிதங்களை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. இவர்களில் ஒருவனைத் தவிர யாருமே நடந்ததை வீட்டில் சொல்லவில்லை. சொன்ன ஒருவனும் திட்டு வாங்கினான். பெயர் தெரியாத ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு எழுதுகிறார்கள். சபையில் இவர்களுக்காக நாம் செய்வது குறைவா என்றால் இல்லை. வாலிபர் ஞாயிறு உண்டு, முகாம் உண்டு, கீபோர்டும் டிரம்ஸும் வாங்கிக் கொடுத்திருக்கிறோம், மனப்பாட வசனப் போட்டிக்கு எவர்சில்வர் டப்பா உண்டு. மனப்பாட வசனத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. பதிமூன்று வயதில் மனதில் இறங்கிய சங்கீதம் எண்பதிலும் வாயில் வருவதைப் பெரியாஸ்பத்திரிக் கட்டில்களில் பார்த்திருக்கிறேன். ஆனால் வசனத்தைத் தப்பில்லாமல் சொன்ன பிள்ளையிடம், 'போன வாரம் ஸ்கூல்ல என்ன ஆச்சு?' என்று கேட்கிற ஆள் சபையில் யார்?

வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வி. எஸ். அசரியாவை நம் பிள்ளைகள் வினாடி வினாவுக்காகப் படிக்கிறார்கள். 1903-இல் இந்திய மிஷனெரி சங்கம், 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர், இரண்டு மார்க். அதற்கு இடையில், 1910-இல், எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாட்டில் அவர் பேசிய பேச்சுதான் இன்றைக்கும் பேசப்படுகிறது. மேல்நாட்டு மிஷனெரிகள் கொடுத்த பணத்தையும் பட்ட பாட்டையும் அவர் மறுக்கவில்லை. அதற்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு, நட்பைக் கேட்டார். சமமாக உட்காரவைத்துப் பேசுகிற நட்பை. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. மாநாட்டில் இருந்த பலருக்கு அது கசந்தது. நம் வாலிபப் பிள்ளைகள் மேடையேறி நம்மிடம் பேசினால் இதைத்தான் கேட்பார்கள் என்று தோன்றுகிறது; நமக்கும் கசக்கும்.

நட்பு என்றால் பதினைந்து வயதுப் பிள்ளையின் தோளில் கை போட்டு 'ப்ரோ' என்று கூப்பிடுவது என்று சில வாலிபர் ஊழியர்கள் நினைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது கூச்சமாக இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது பெரியவர்களின் அன்றாடத்தைக் கொஞ்சம் பார்க்கக் கிடைப்பது. குடும்ப ஜெபத்தில் அப்பா, 'இன்னிக்கு ஆபீஸ்ல ஒரு பில்லுல கையெழுத்துப் போடச் சொன்னாங்க, நான் போடல, நாளைக்கு என்ன நடக்கும்னு தெரியல, அதுக்காக ஜெபிங்க' என்று சொன்னால், மறுநாள் யூனிட் டெஸ்டில் பிட் வரும்போது மகனுக்கு வழி தெரியும். தீமோத்தேயுவைப் பற்றி எழுதும்போது பவுல் அவன் பாட்டி லோவிசாளையும் அம்மா ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அவர்கள் என்ன பாடம் நடத்தினார்கள் என்று எழுதவில்லை. விசுவாசம் முதலில் அவர்களிடம் குடியிருந்தது என்கிறார்.

இன்னொன்று, வேலை கொடுங்கள். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரைப் பன்னிரண்டு வயதில் திருநெல்வேலியிலிருந்து அழைத்துப்போனார் மிஷனெரி ஷ்வார்ட்ஸ். இருபது வயதை ஒட்டி அவரைப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியராக வைத்துவிட்டார்கள். பிற்பாடு அவர் எழுதிய கீர்த்தனைகளைப் பாடாத தமிழ்ச் சபை இல்லை. நாம் பதினெட்டு வயதுப் பையனிடம் நாற்காலி எடுத்துப் போடச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறோம். ஞாயிறு பள்ளிக் காணிக்கைக் கணக்கை அவனிடம் கொடுத்து மாதாமாதம் சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். கண் மங்கிய ஒரு பாட்டிக்கு வாரம் ஒருநாள் வேதம் வாசித்துக் காட்டும் பொறுப்பை ஒரு பெண்பிள்ளைக்குக் கொடுங்கள். பாட்டி அவளுக்குத் திரும்பச் சொல்வதை எந்த முகாமிலும் கேட்க முடியாது. அசனத்தன்று பரிமாறுவதோடு, அரிசி எவ்வளவு, யார் வீட்டிலிருந்து என்ன வந்தது என்று குறித்துவைக்கவும் பழகட்டும். தப்பு வரும். வரட்டும், பக்கத்தில் நீங்கள் இருக்கிறீர்களே.

இனி கயிறு.

தென் மாவட்டங்களுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் பள்ளிப் பையன்களின் மணிக்கட்டில் நூல் கயிறு இருக்கும். இரண்டு மூன்று நிறங்கள் முறுக்கியது. இன்ன நிறச் சேர்க்கை இன்ன சாதி என்று ஆறாம் வகுப்பிலேயே தெரிந்துவிடும். பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்காருவது, கபடியில் யார் அணி, சண்டை வந்தால் யார் பக்கம் என்பதெல்லாம் அந்தக் கயிறு பார்த்துத்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்த பையன்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கயிறுகளைப் பள்ளியில் அனுமதிக்கக் கூடாது என்றது.

அந்தக் கயிறு கட்டிய கைகளில் ஞாயிற்றுக்கிழமை வேதாகமம் பிடிக்கிற கைகளும் உண்டு. ஆலயத்துக்கு வரும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு எழுதியவள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். கட்டியிருப்பது அவள் அண்ணன். போதகர் ஐயா பிரசங்கத்தில் சொன்னதைக் கேட்டு அண்ணன் ஒருநாள் கழற்றிவிட்டானாம். கயிறு இருந்த இடத்தில் தோல் வெளுத்து வளையம் மாதிரி தெரிந்தது என்று எழுதியிருக்கிறாள். மூன்றாவது நாளே திரும்பக் கட்டிவிட்டான். கழற்றியவனைச் சொந்தச் சாதிப் பையன்கள் துரோகி என்றார்கள், மற்றவர்கள் நம்பவில்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்க அவனுக்கு ஒரு கூட்டம் இல்லாமல் போயிற்று.

இவனைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கத்தி புழங்குகிற இடத்தில் பதினேழு வயதுப் பிள்ளையைத் தனியாகச் சாட்சியாக நிறுத்திவிட்டு, நாம் பெஞ்சில் உட்கார்ந்து ஆமென் சொல்வதுதான் கோழைத்தனம். தானியேலுக்கும் உடன் மூன்று பேர் இருந்தார்கள். ஒரு சபையில் கயிறு கட்டுகிற பையன்கள் ஐந்து பேர் இருந்தால், ஐந்து பேரின் அப்பாக்களும் முதலில் உட்கார்ந்து பேசட்டும். ஒரே நாளில் ஐந்து பேரும் கழற்றட்டும். போதகரும் இரண்டு பெரியவர்களும் பள்ளித் தலைமை ஆசிரியரைப் போய்ப் பார்க்கட்டும். சில மாதங்களுக்கு அந்தப் பையன்கள் சேர்ந்தே பஸ் ஏறட்டும், யாராவது ஒரு பெரியவர் அந்த நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கட்டும்.

ஆனால் அப்பாக்கள் பேசுவார்களா என்பதுதான் கேள்வி. அந்தப் பெண்ணின் கடிதத்தில் அதற்கடுத்து வந்தது இது: 'உங்க பத்திரிகை கடைசிப் பக்கத்துல மணமகள் தேவைன்னு சாதி போட்டுத்தானே வருது. அண்ணன் கட்டினா தப்பு, நீங்க அச்சடிச்சா தப்பில்லையா?'

தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. நட்டாலத்தில் 1712-இல் பிறந்த தேவசகாயம், 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். திருவிதாங்கூர் அரண்மனை வேலையில் இருந்தவர், தாழ்த்தப்பட்டவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அதே வடக்கன்குளத்தில் பின்னாளில் எழுந்த ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து நடுவே சுவர் வைத்தார்கள். அந்தச் சுவர் இடிபட 1910 ஆக வேண்டியிருந்தது. அசரியா எடின்பரோவில் நட்பைக் கேட்ட அதே வருஷம். 2022 மே 15 அன்று தேவசகாயத்துக்கு ரோமாபுரியில் புனிதர் பட்டம் கொடுத்தபோது, அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த 'பிள்ளை' என்ற சாதிப் பெயரை வத்திக்கான் எடுத்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பிய ஊர்கள் மட்டும் நம்மிடம் இன்னும் உண்டு.

மணமக்கள் விளம்பரம் இந்த இதழின் வருமானத்தில் பெரிய பங்கு. அதில்தான் அஞ்சல் செலவு போகிறது என்று மேலாளர் சொன்னார். கணக்குப் புத்தகத்தையும் காட்டினார், உண்மைதான். 'சாதியைக் கேட்காவிட்டால் யார் விளம்பரம் கொடுப்பார்கள்?' என்றார் இன்னொருவர். ஆசிரியர் குழுவில் மூன்று மணி நேரம் பேசினோம். ஒருமனதாக முடியவில்லை, ஆனால் முடிந்தது.

வரும் ஜூலை இதழிலிருந்து மணமக்கள் தேவை பகுதியில் சாதிப் பெயரோ, உட்பிரிவோ, அதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் சொற்களோ வராது. சபை, ஊர், படிப்பு, வேலை, வயது போடலாம். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் வாசகத்தைத் திருத்தி அனுப்பலாம். விருப்பமில்லை என்றால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும். திருத்திய விளம்பரங்கள் இந்த மாதம் 20-ஆம் தேதிக்குள் அலுவலகத்துக்கு வந்துசேர வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்